நிமோனியாவிலிருந்து மீண்டு வந்த அப்பா: கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வரலாமா?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிராமத்தில் என் பெற்றோர் வசிக்கிறார்கள். அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு 72. பங்குனி மாதத் தொடக்கத்தில் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று நாங்கள் எண்ணியது இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியாவாக முற்றி, இரத்தத்திலும் கிருமித் தொற்று பரவி, இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிய நிலையில் அவரைத் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். சில நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார். பிழைப்பது கடினம் என்று சொல்லப்பட்டவர், இறைவன் அருளாலும் மருத்துவர்கள், செவிலியர்களின் உழைப்பாலும் மீண்டு, சித்திரை பிறந்த பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆனால் நோய்க்கு முன்பு விடியற்காலையில் ஆற்றுக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு, வரும் வழியில் காய்கறியும் வாங்கி வந்தவர், இப்போது கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. எடை 52 கிலோவாகக் குறைந்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் நான்கு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. தண்ணீர் குடிக்கும்போது சில சமயம் புரையேறுகிறது. காலையில் தெளிவாகப் பேசுகிறார், செய்தித்தாளில் தலைப்புகளை வாசிக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டாலோ, இது நம் வீடு இல்லை, என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அம்மாவிடம் மன்றாடுகிறார், சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். ஏற்கெனவே சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு, இரண்டுக்கும் பழைய மாத்திரைகளே தொடர்கின்றன.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஆண்டுதோறும் பள்ளி விடுமுறை விட்டதும் பெங்களூரிலிருந்து அண்ணன் பிள்ளைகளும், சென்னையிலிருந்து தங்கையின் பிள்ளைகளும், கோயம்புத்தூரிலிருந்து என் மகளும் தாத்தா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை ஐந்து பேர். மே மாதம் முழுவதும் அந்த வீடு அவர்களுடையதுதான். இந்த ஆண்டு அவர்களை வரவழைக்கலாமா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நோய்த் தொற்று வந்துவிடும், ஓய்வு கெட்டுவிடும் என்கிறார் அண்ணன். ஆள் துணை இருந்தால்தான் அம்மாவுக்குத் தாங்கும் என்கிறாள் தங்கை. அப்பாவோ தெளிவாக இருக்கும் நேரங்களிலெல்லாம் பிள்ளைகளுக்கு எப்போது பரீட்சை முடிகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அத்துடன் அக்கினி நட்சத்திரம் வேறு வருகிறது. அப்பா படுத்திருக்கும் உள்ளறைக்கு மேலே ஓடு கிடையாது, கான்கிரீட் மட்டப்பாதான். இரவு பத்து மணிக்கும் அனல் இறங்குவதில்லை. குளிர்சாதனக் கருவி (ஏசி) பொருத்தலாம் என்றால், அது சளியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். மாலை நேரக் குழப்பம் மறதி நோயின் தொடக்கமா, இது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.


பதில் 1: தேரடித்தெரு

வணக்கம் தம்பி. உங்கள் அப்பா வீடு திரும்பியது மகிழ்ச்சி. ஆனாலும் நான் அண்ணன் பக்கம்தான் பேசப்போகிறேன், வருத்தப்படாதீர்கள்.

எங்கள் மாமனாருக்கும் இதே போல நுரையீரல் பாதிப்பு வந்து, பிழைத்து வீட்டுக்கு வந்த சமயம் கோடை விடுமுறை. பிள்ளைகளைப் பார்த்தால் மனம் தெம்பாகும் என்று எல்லாரையும் வரச் சொன்னோம். வந்தவர்களில் சின்னவனுக்கு ரயிலிலேயே மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. அவனுக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மாமனாருக்குக் காய்ச்சல் வந்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தையைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது இயல்பு. ஆனால் முழுதாகத் தேறாத நுரையீரலுக்கு அந்தச் சிறு சளியே போதுமானதாக இருந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தை ஆண்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 72 வயது என்கிறீர்கள். இரவு நேரத்தில் அப்பாவோடு விழித்திருப்பவர் அவர்தான் என்று நினைக்கிறேன். பகலில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அடுக்களையில் நிற்பவரும் அவராகத்தான் இருப்பார். மே மாதத்தில் அடுக்களைக்குள் எவ்வளவு வெக்கை என்பது நின்று சமைப்பவர்களுக்குத்தான் தெரியும். தங்கை துணைக்கு வருவது நல்லதுதான். ஆனால் மகள் வீட்டுக்கு வந்தால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்க்கு ருசியாக ஏதாவது செய்துபோட வேண்டும் என்றுதான் ஒரு தாய் நினைப்பாள், சும்மா உட்கார மாட்டாள். ஆகவே யார் வந்தாலும், சமையலுக்கு ஊரில் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திவிட்டு அதன் பிறகு வாருங்கள். இரவில் அப்பாவின் அருகில் படுப்பதைப் பிள்ளைகளாகிய நீங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வேறு அறையில், முழு இரவும் உறங்க வழி செய்துகொடுங்கள்.

குழந்தைகளை ஆனி மாதம் சாரல் தொடங்கிய பிறகு ஒரு வார இறுதியில் கூட்டி வரலாம் என்பது என் எண்ணம். அதுவரை காணொளி அழைப்பில் பேசட்டும்.


பதில் 2: இயன்முறை_மதுரை

வணக்கம். நான் மதுரையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். தீவிர சிகிச்சைக்குப் பிறகு வீடு திரும்பும் முதியவர்களை நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், உங்கள் கேள்வியில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த சொல் "ஓய்வு" என்பதுதான்.

உங்கள் அப்பாவின் கால்கள் இப்போது அவரைத் தாங்காததற்கு நுரையீரல் மட்டும் காரணமன்று. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, கால்களின் தசையில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்துபோயிருந்தது. உங்கள் அப்பா அதைவிட நீண்ட காலம் படுத்திருந்திருக்கிறார், அதுவும் கடும் தொற்றோடும் சுவாசக் கருவியோடும். இப்படி இழந்த தசை, படுத்துக்கொண்டே சத்துணவு சாப்பிடுவதால் திரும்பி வராது, கால்கள் எடையைத் தாங்கி நின்றால்தான் வரும். அன்பு மிகுந்த குடும்பங்களில், பாவம் களைத்துப்போயிருக்கிறார் என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, மருத்துவமனையில் தொடங்கிய தசை இழப்பை வீட்டிலும் தொடர விட்டுவிடுகிறார்கள்.

முதலில், மூன்று வேளை உணவையும் கட்டிலில் கொடுப்பதை நிறுத்துங்கள். கைப்பிடி உள்ள, முழங்கால் உயரத்துக்கு இருக்கை அமைந்த ஒரு மர நாற்காலியை, வீட்டார் நடமாடும் பட்டாசலில் (கூடத்தில்) போட்டு அங்கே உட்கார வையுங்கள். கட்டிலிலிருந்து எழும்போது உடனே நிற்க விடாமல், கால்களைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்து, தலைச்சுற்றல் இல்லை என்று அவரே சொன்ன பிறகு எழுப்புங்கள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது நம் ஊர்களில் வழக்கம். அது தோள்பட்டைக்குக் கெடுதல், அவருடைய காலுக்கும் எந்த வேலையும் கொடுப்பதில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு கெட்டியான துண்டை இறுகக் கட்டி, அதை ஒருவர் பின்புறம் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு பாதங்களையும் சற்றுப் பின்னுக்கு இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றித் தானாக எழ முயலட்டும். தொடக்கத்தில் ஒரு நேரத்துக்கு மூன்று முறை எழுந்து உட்கார்ந்தால் போதும். அதைக் காலை, மதியம், மாலை என்று செய்து, சில நாட்களுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போங்கள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 90-க்குக் கீழே இறங்கினாலோ நெஞ்சில் வலி வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அது ஊதுவதற்கு உரியது அன்று. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதும் வெளியே விட்டு, குழாயை உதடுகளால் இறுகக் கவ்வி, நிதானமாக உள்ளே உறிஞ்ச வேண்டும். பந்து மேலே எழும்பியதும் இரண்டு மூன்று விநாடிகள் அப்படியே பிடித்து வைக்க வேண்டும். மூன்று பந்தும் படாரென்று எழும்புவதைவிட ஒரு பந்து மெதுவாக எழும்பி அங்கேயே நிற்பதுதான் நுரையீரலின் அடிப்பகுதி விரிவதற்கு உதவும். பத்து முறை செய்த பின் இரண்டு முறை ஆழமாக இருமிச் சளியை வெளியேற்றச் சொல்லுங்கள்.

உணவில், கஞ்சியும் ரசஞ்சோறும் வயிற்றை நிரப்புமே தவிரத் தசையைக் கட்டாது. நோயிலிருந்து மீளும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை, ஆகவே உங்கள் அப்பாவுக்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவுதான், 100 கிராம் மீனில் 20 கிராம் என்று கணக்கிட்டால், நான்கு வாய் சாப்பிடுபவருக்கு அது எவ்வளவு கடினம் என்பது புரியும். எனவே அந்த நான்கு வாயும் சத்துள்ளதாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளையாகப் பிரித்து, குழைய வேகவைத்த பருப்பு, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை, தயிர், பொட்டுக்கடலை மாவு கலந்த கூழ் என்று கொடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேரக்குழந்தைகள் வருவதைப் பற்றி என் கருத்து, தேரடித்தெரு அம்மா சொன்னதிலிருந்து சற்று மாறுபடுகிறது. நான் வாரத்துக்கு இரண்டு முறை போய் அரை மணி நேரம் செய்யச் சொல்லும் பயிற்சியை, ஒரு பேத்தி பக்கத்தில் நின்று "இன்னும் ஒரு தடவை தாத்தா" என்று சொல்லி நாளுக்கு மூன்று முறை செய்ய வைத்துவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்து, எத்தனை முறை எழுந்து நின்றார், பந்து எத்தனை விநாடி நின்றது என்று எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கே வந்து பயிற்சி தர ஆள் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள்.


பதில் 3: முதியோர்நலம்

வணக்கம். நான் பொது மருத்துவம் படித்து, இப்போது முதியோர் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதற்கு எல்லை உண்டு. ஆகவே இதை உங்கள் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய குறிப்பாகக் கொள்ளுங்கள்.

மாலைக் குழப்பத்திலிருந்து தொடங்குகிறேன், குடும்பத்தை மிகவும் அச்சுறுத்துவது அதுதான். மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல வளர்வது. நோய்க்கு முன்பு தானே காய்கறி வாங்கிக் காசு எண்ணிக் கொடுத்து வந்தவருக்கு, கடும் நோயோடு திடீரெனத் தொடங்கி, காலையில் தெளிந்து மாலையில் கூடும் இந்தக் குழப்பத்தை நாங்கள் டெலீரியம் என்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில், குறிப்பாகச் சுவாசக் கருவியில் இருந்த முதியவர்களிடம் இது மிகவும் பரவலாகக் காணப்படுகிறது. உடல் தளர்ச்சி, நினைவுத் தடுமாற்றம், மனச்சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து தீவிர சிகிச்சைக்குப் பின் தொடர்வதை ஒரு தனி நோய்க்குறித் தொகுப்பாகவே 2010-க்குப் பிறகு மருத்துவ உலகம் அடையாளம் கண்டு பெயரிட்டிருக்கிறது. பலருக்குச் சில வாரங்களில் தெளிந்துவிடுகிறது, சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. மூன்று மாதம் கடந்தும் நீடித்தால் நினைவாற்றல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் குழப்பத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும் வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று உடனே பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைதல், உடலில் நீர் வற்றுதல், சர்க்கரை தாழ்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நீங்கள் எழுதியவற்றில் எனக்கு அவசரமாகத் தோன்றுவது மாத்திரைகள்தான். முன்பு நன்றாகச் சாப்பிட்டு நடமாடிய மனிதருக்கு எழுதிய சர்க்கரை மாத்திரையை, நான்கு வாய் சாப்பிடும் 52 கிலோ மனிதருக்கு அதே அளவில் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சாயங்காலம் குழப்பம் தொடங்கும் அந்த நேரத்திலேயே விரல் நுனியில் குத்தி அளவு பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே இனிப்புக் கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். இரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான்: படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பின்னும் அழுத்தத்தை அளந்து, அந்தக் கணக்கோடு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றும் வகை மாத்திரைகள் கோடையில் நீரையும் உப்பையும் இழக்கச் செய்யும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் இந்த வாரமே கேளுங்கள். இரவில் உறங்கவில்லை என்று தூக்க மாத்திரையோ, சளிக்கு என்று அவில் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரையோ கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் குழப்பத்தைக் கூட்டும்.

"இது நம் வீடு இல்லை" என்று அவர் சொல்லும்போது வாதிட்டு நிரூபிக்க முயல வேண்டாம். "நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் அப்பா, சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்" என்பது போல அச்சத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியையும், காது கேட்கும் கருவி இருந்தால் அதையும் காலையிலேயே மாட்டிவிடுங்கள். இருட்டத் தொடங்கும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டால் சுவரில் நிழல் விழுவது குறையும், சுவரோரம் நிற்பதாகச் சொல்லும் ஆளும் பெரும்பாலும் அதோடு மறைவார். பகலில் வெளிச்சமுள்ள இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும், மதியத் தூக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். வழக்கத்துக்கு மாறாக ஒருநாள் எழுப்பினாலும் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தால் நன்றாக உறங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, குளிர்சாதனக் கருவி நிமோனியாவைக் கொண்டுவராது. கிருமிதான் நிமோனியாவை உண்டாக்குகிறது. வடிகட்டியைச் சுத்தமாக வைத்து, 26 அல்லது 27 டிகிரியில், காற்று நேராக அவர் மேல் படாமல் ஓடவிடுங்கள். முதியவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு, வியர்ப்பதும் குறைவு, சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் குறைவு. ஆகவே கேட்டால் கொடுப்போம் என்று காத்திருந்தால் நீர் வற்றிவிடும். மின்விசிறி வியர்வையை ஆற்றித்தான் உடலைக் குளிர்விக்கிறது, காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது அது அனலைத்தான் வீசும். உங்கள் மருத்துவர் நீருக்கு அளவு விதிக்கவில்லை என்றால், மோர், நீர், இளங்கஞ்சி என்று மணிக்கு ஒருமுறை அரைத் தம்ளராகக் கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தேவைப்பட்டால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், தம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டினால் உப்பின் அளவு தவறிவிடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரகமும் மாத்திரைகளும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

புரையேறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொண்டையில் குழாய் இருந்தவர்களுக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் மறுபடியும் நிமோனியா வரும். நேராக நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு மிடறாகக் குடிக்கச் சொல்லுங்கள். அண்ணாந்து வாயில் ஊற்றுவது கூடவே கூடாது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இரவு படுக்குமுன் பல்லும் நாக்கும் துலக்க வேண்டும், பல் செட்டு இருந்தால் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். புரையேறுவது தொடர்ந்தால் விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பாருங்கள்.

குழந்தைகள் வரலாம் என்பதே என் பதில், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில், மாதம் முழுவதும் வேண்டாம். தேரடித்தெரு அம்மா பட்ட துன்பம் உண்மையானது. நிமோகாக்கஸ் என்ற கிருமி எந்த நோயும் காட்டாமல் சிறு குழந்தைகளின் மூக்கில் குடியிருப்பது மிகவும் இயல்பு. ஆகவே ஒவ்வொரு குடும்பமாக, ஒரு வாரம் வீதம் வரட்டும். மூக்கு ஒழுகும் பிள்ளை புறப்படவே வேண்டாம். பயணம் செய்து வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று நாட்கள் முகக்கவசத்தோடு தாத்தாவைப் பார்க்கட்டும், கைகழுவாமல் அருகில் போகக் கூடாது என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் கடைப்பிடிக்கும். ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் அவர் அருகில் வேண்டாம், அதுவும் காலை வேளையில் இருக்கட்டும். மாலையில், குழப்பம் வரும் நேரத்தில், வீடு அமைதியாக இருப்பது முக்கியம். தாத்தா யாரையாவது பெயர் மாற்றி அழைத்தால் சிரிக்கவோ திருத்தவோ வேண்டாம் என்று பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள். அப்பா தேறிய பின் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் இன்புளுயன்சா தடுப்பூசியும் போடுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.


பதில் 4: பொருநைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று பதில்களையும் அச்சிட்டு அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவர் சொன்னபடி மாலை ஐந்தரைக்குச் சர்க்கரை பார்த்தோம். 62 இருந்தது. வெல்லம் கரைத்துக் கொடுத்துவிட்டு எங்கள் மருத்துவரை அழைத்தோம். சர்க்கரை மாத்திரையை அவர் பாதியாகக் குறைத்திருக்கிறார், சோடியத்துக்கும் சிறுநீருக்கும் பரிசோதனை எழுதியிருக்கிறார், ஒரு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிவிட்டார். அதன் பிறகு குழப்பம் முழுதும் போய்விடவில்லை, ஆனால் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி மன்றாடுவது குறைந்திருக்கிறது. கட்டிலையும் அம்மாவின் விருப்பப்படி, ஓட்டுக் கூரையுள்ள பட்டாசலுக்கே மாற்றிவிட்டோம். அங்கிருந்து தார்சா (வீட்டின் முன்கூடம்) வழியாகத் தெருவும் தெரிகிறது. போகிறவர்களை அப்பா பெயர் சொல்லி அழைத்து விசாரிக்கிறார். பகலில் பட்டாசலிலும், இரவில் குளிர்சாதனம் பொருத்திய உள்ளறையிலுமாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

சமையலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா வருவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மாவுக்கு இதில் முதலில் உடன்பாடு இல்லை. அப்பாவுக்கு வேண்டியதை மட்டும் நீங்கள் பாருங்கள் அம்மா, மற்றதை விட்டுவிடுங்கள் என்று தங்கை பேசிச் சம்மதிக்க வைத்தாள். மே முதல் வாரம் தங்கையின் பிள்ளைகள், அதன் பின் என் மகள், கடைசியாக அண்ணன் பிள்ளைகள் என்று முறை வைத்திருக்கிறோம். பதின்மூன்று வயதுக்காரன் இப்போதே நோட்டில் கட்டம் போட்டு அனுப்பிவிட்டான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் வந்ததும் அவர்களோடு ஆற்றுக்குப் போய்க் குளிக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். ஆட்டோவில் கூட்டிப் போய்ப் படித்துறையில் உட்கார வைத்துக் குளிப்பாட்டலாமா?


பதில் 5: முதியோர்நலம்

62 என்பது நான் அஞ்சிய அளவுதான், நேரத்தில் கண்டுபிடித்தது நல்லதாயிற்று. அடுத்த இரண்டு வாரங்கள் காலை, மாலை இரு வேளையும் அளந்து எழுதி வையுங்கள். உணவு கூடும்போது மாத்திரையின் அளவும் மறுபடியும் மாற வேண்டியிருக்கும்.

ஆற்றில் குளிப்பது இப்போது வேண்டாம். பாசி பிடித்த படியில் கால் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், மீண்டும் படுக்கைதான். புரையேறும் தொண்டையோடு முங்குவதும் ஆபத்து. வீட்டிலேயே நாற்காலியில் உட்கார வைத்து, முற்பகலில் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டித் தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஆட்டோவில் கூட்டிப் போய், கரையில் மர நிழலில் உட்கார்ந்து பிள்ளைகள் குளிப்பதைப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு மறுப்பு இல்லை. யாருடைய கையும் பிடிக்காமல் வீட்டு வாசற்படியை அவரே ஏறி இறங்கத் தொடங்கும் நாளில் படித்துறையைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.

நோய் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு வாரம் ஆனதும் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பழையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இந்த வயதில் நிழல் முழுதும் மறைய மூன்று மாதம்கூட ஆகலாம், அதனால் கொஞ்சம் மிச்சமிருந்தால் பதற வேண்டாம். ஆனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ, சாப்பாடு கூடிய பிறகும் எடை குறைந்துகொண்டே போனாலோ காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள், அது அரசு மருத்துவமனைகளில் இலவசம்.